அடுப்பில்லாமல் ஒரு குளிர்பண்டம்: வீட்டிலேயே உறைதயிர்

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயில்களில், பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்வோரே பெரும்பாலும் நிறைந்திருப்பர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், பாலகாட், சாம்பியன் ரீஃப் முதலிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அன்றாடம் இதுவே. பெற்றோர் வீடு திரும்ப இரவாகிவிடும். பிள்ளைகளோ பிற்பகலிலேயே பள்ளியிலிருந்து பசியோடு வந்துவிடுவர். அடுப்பைத் தொடாமல் அவர்களே எடுத்து உண்ணத்தக்க, உடலுக்கும் நலம் தரும் பண்டம் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. கோடைக்காலத்தில் அத்தேவையை உறைதயிர் நிறைவு செய்யும்.

பட்டு, பால், பொன் ஆகிய மூன்றுக்கும் பெயர்பெற்றது கோலார் மாவட்டம். பொன் ஓய்ந்தது, பால் ஓயவில்லை. சீனிவாசபுர வட்டாரத்து மாம்பழமும் ஊரெங்கும் விளையும் ராகியும் உடன் இருக்கையில், இதற்கெனத் தனியாக வாங்க வேண்டிய பொருள் ஏதுமில்லை.

சர்க்கரை ஏன் மிகுகிறது?

கடையில் கிடைக்கும் குளிர்பண்டங்களில் சர்க்கரை மிகுதியாக இருப்பதற்கு இனிப்புச் சுவை மட்டுமே காரணம் அன்று. சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது. அதனால் பண்டம் மென்மையாக இருக்கும். மேலும், குளிர்ச்சி நாவின் சுவையுணர்வை மந்தப்படுத்துவதால், அதே இனிப்பை உணரக் கூடுதல் சர்க்கரை தேவைப்படுகிறது.

நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர், சேர்க்கப்படும் சர்க்கரையை 50 கிராமுக்குள்ளும், இயலுமாயின் 25 கிராமுக்குள்ளும் நிறுத்த வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம். பிள்ளைகளுக்கு அளவு இன்னும் குறையும். தேனும் வெல்லமும் இக்கணக்கில் அடங்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

நீரை வடித்தால் போதும்

சர்க்கரையைக் குறைத்துவிட்டுத் தயிரை அப்படியே உறையவைத்தால், அதிலுள்ள நீர் பெரிய பனிப்படிகங்களாகிக் கல்போல் இறுகிவிடும். ஆகவே முதலில் நீரை வடித்துவிட வேண்டும். மராத்தியர் ஸ்ரீகண்ட் செய்யத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடும் அதே முறைதான். நீர் குறையுமளவு புரதமும் கொழுப்பும் செறிவாகும், பனிப்படிகமும் சிறுத்துவிடும், சர்க்கரையின் உதவியும் மிகுதியாகத் தேவைப்படாது.

தேவையானவை

புளிக்காத கெட்டித் தயிர் 1 கிலோ. பழுத்த மாம்பழக் கூழ் 200 கிராம். பொடித்த வெல்லம் 30 கிராம். ஏலப்பொடியும் உப்பும் ஒரு சிட்டிகை. வறுத்துப் பொடித்த நிலக்கடலை, கன்னடத்தில் ஹுரிஹிட்டு எனப்படும் பொரித்த ராகி மாவு, உலர்திராட்சை ஆகியவை சிறிதளவு.

செய்முறை

1. தூய பருத்தித் துணியில் தயிரைக் கட்டி, வடிதட்டில் வைத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே நான்கைந்து மணி நேரம் வடியவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் கோடையில் புளித்துவிடும். தயிர் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.
2. மாம்பழக் கூழில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, தயிர், ஏலப்பொடி, உப்பு ஆகியவற்றுடன் கட்டியின்றிக் கலக்குங்கள்.
3. வாட்டிய வாழையிலையோ வெண்ணெய்த்தாளோ விரித்த அகன்ற தட்டுகளில், ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மிகாமல் பரப்புங்கள். மெல்லிய படலம் விரைவாக உறையும். விரைவாக உறைந்தால் படிகங்களும் சிறியனவாக அமையும்.
4. மேலே கடலை, ராகி மாவு, திராட்சை ஆகியவற்றைத் தூவி, ஃப்ரீசரில் நான்கு மணி நேரம் வையுங்கள். பின்னர் துண்டுகளாக உடைத்து, மூடியுள்ள டப்பாவில் இட்டு மீண்டும் ஃப்ரீசரிலேயே வையுங்கள்.

இவ்வளவில் எட்டுப் பேருக்குத் தாராளமாகப் பகிரலாம். ஒருவர் பங்கில் சேரும் வெல்லம் 4 கிராமுக்கும் குறைவே. மாம்பழம் நன்கு இனித்தால் வெல்லத்தை விட்டுவிடலாம். வடிந்த தெளிநீரில் புரதமும் கால்சியமும் உள்ளன. அதைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையவோ ரசத்தில் சேர்க்கவோ பயன்படுத்துங்கள்.

கவனத்தில் கொள்க

* ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கக்கூடும், பொடித்தே தூவுங்கள். வெல்லத்துக்கு மாற்றாகத் தேன் சேர்த்தால், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதைத் தருதல் கூடாது.
* நீரிழிவு உள்ளோர் மாம்பழத்தின் இயல்பான சர்க்கரையையும் கணக்கிற்கொண்டு, மருத்துவர் கூறும் அளவிலேயே உண்ண வேண்டும்.
* மின்தடையால் துண்டுகள் முற்றிலும் உருகினால் மீண்டும் உறையவைக்காதீர்கள். குளிர்ச்சி மாறாதிருந்தால் உடனே தண்ணீர் சேர்த்துக் கடைந்து பருகிவிடலாம்.
* உறைதல் தயிரின் நல்ல நுண்ணுயிர்கள் அனைத்தையும் அழிப்பதில்லை. பல உறங்கும் நிலையிலேயே இருக்கும். ஆயினும் ஒரு வாரத்துக்குள் உண்டுவிட்டால் சுவை குன்றாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தயிரை வடியவைத்தால், இரவுக்குள் பண்டம் ஆயத்தமாகிவிடும். மாம்பழக் காலம் முடிந்தபின் வாழைப்பழமோ சப்போட்டாவோ சேர்த்துச் செய்யலாம். பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் துண்டுகளைத் தட்டில் எடுத்து, ஐந்து நிமிடம் இளகவிட்டு உண்ணுமாறு சொல்லிவையுங்கள்.