பள்ளிக்கூடத்தில் ஒரு பிடி கடலை



போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிச் சபைகூடலில் மயங்கி விழுந்த எட்டு வயதுப் பிள்ளை ஒன்றை ஆசிரியை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது.

"காலையில என்னம்மா சாப்பிட்ட?"

"தே ஓ குடிச்சேன்."

"நேத்து, முந்தா நாளு பள்ளிக்கூடத்துல?"

"நேத்து ஞாயித்துக்கிழமை. வெள்ளிக்கிழமை வெறும் மீ. மத்த நாளெல்லாம் சோசேஜும் சிரப் தண்ணியும்."

அரசாங்கக் கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்தார்கள். 5 முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் குறையக்கூடாது. இந்தப் பிள்ளைக்கு 9 கிராம். இதுதான் இரத்தசோகை.

வேலை உடுப்போடு ஓடி வந்த தாய் அழுதுவிட்டார். "டிரசர் ஐயா, நானும் அவரும் விடியுமுன்னே பெரட்டுக்குப் போயிடுறோம். அதனால காசை மட்டும் குறைக்காமக் குடுத்து அனுப்புறேனே!" என்றார். அந்தத் தாய்மீது குற்றமில்லை. பிள்ளையின் வயிறு நிறைந்தது, இரத்தம் நிறையவில்லை.

இரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் பிள்ளை சோர்ந்து போகும், ஓடினால் மூச்சு வாங்கும், பாடம் மனதில் நிற்காது. சில பிள்ளைகள் மண், பச்சரிசி தின்னும். "மக்குப் பிள்ளை" என்று நாம் திட்டும் பிள்ளைகளில் சிலருக்கு இந்தக் குறை இருக்கலாம்.

இதற்கு விலை உயர்ந்த டின் மாவு வேண்டியதில்லை. நம் பாட்டிமார் அவித்துக் கொடுத்த கொண்டைக்கடலையே போதும். அவித்த கடலை 100 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் புரதமும் 3 மில்லிகிராம் இரும்பும் இருக்கின்றன. ஒரு கோழி முட்டையில் புரதம் சுமார் 6 கிராம், இரும்பு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு கிலோ கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோ ஆகும். இருபது பிள்ளைகளுக்கு ஆளுக்கு 100 கிராம்! பாசிப்பயறு, பருப்பு, தெம்பே, தௌஃபு எல்லாமே இந்த வரிசைதான்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பயறு, கீரையில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக இழுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி கூட இருந்தால் இழுக்கும். அதனால் கடலையோடு ஒரு துண்டு கொய்யா கொடுங்கள். இல்லையென்றால் சுண்டல்மேல் எலுமிச்சை பிழியுங்கள். சாப்பாட்டோடு தே ஓ வேண்டாம். தேயிலையின் துவர்ப்பு இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம், பிள்ளைக்கு வெறும் தண்ணீரே மேல்.

மீன், முட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும். ஆனால் வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் மரக்கறி உண்ணும் நம் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டிச்சாலையில் வெறும் மீயும் வெறும் சோறும்தானா? முட்டையும் பாலும்கூடத் தொடாத பிள்ளைக்கு வைட்டமின் பி12 குறையும். அதற்குக் கிளினிக்கில் ஆலோசனை கேளுங்கள். கொக்கிப்புழு இருந்தால் எவ்வளவு தின்றாலும் இரத்தம் ஊறாது. வெளுத்த பிள்ளையை முதலில் கிளினிக்கில் காட்டுங்கள்.

"கடலையும் கீரையும் இல்லாதவன் சாப்பாடு, எம்பிள்ளை கௌரவமா நகெட் திங்கட்டும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தோழர்களே, உப்பும் கொழுப்பும் மிகுந்த நகெட்டில் என்ன கௌரவம்? சுகாதார அமைச்சே தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பயறு, அரைப் பங்கு காய்கறி பழம் என்றுதான் சொல்கிறது.

சிற்றுண்டிச்சாலைக்காரரைத் திட்டிப் பயனில்லை. விற்பதைத்தான் அவர் சமைப்பார். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் பெரட்டு முடிந்த களைப்போடாவது போய், மூன்று காரியம் கேளுங்கள்:

1. வாரம் இரண்டு நாள் சுண்டல் அல்லது தெம்பே.

2. தினமும் ஒரு காய், ஒரு துண்டு பழம். வெள்ளிக்கிழமை பருப்போடு மரக்கறிச் சாப்பாடு.

3. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் ஆர்.எம்.டி. இலவச உணவிலும் மரக்கறிப் பிள்ளைக்குப் பயறு.

ஒருவர் கேட்டால் முனகல். இருபது பேர் கேட்டால் தீர்மானம். சங்கத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை இப்போது இரும்புச்சத்து மருந்து குடிக்கிறாள். முதல் நாள் இரவே தாய் கடலையை ஊறப்போடுகிறார். பாட்டி அவித்து டப்பாவில் போட்டு அனுப்புகிறார். பக்கத்து வீட்டில் பாட்டி இல்லை. அங்குள்ள பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் அவித்துக் கொடுக்க வேண்டும்.