குளிரும் ஓர் உரிமையே

சித்திரை வெய்யிலில் யாங்கோன் விமான நிலையத்தில் நிற்கும் ஏ.டி.ஆர். 72 வானூர்தியை நோக்குவோம். நம்மவர் சென்னையிலிருந்து பலாலிக்குப் பயணஞ் செய்ததும் இவ்வகை வானூர்தியிலேயே. இதற்குத் துணை இயந்திரம் கிடையாது. தரையில் நிற்கையில், வலப்புறக் காற்றாடியைப் பூட்டி நிறுத்திவிட்டு, அதன் இயந்திரத்தை மட்டும் இயக்கி உள்ளறையைக் குளிர்விப்பது வழக்கம். இயந்திரம் அழுத்தித் தரும் காற்று கடுஞ்சூடானது. அதில் ஒரு பகுதியைக் குளிர்வித்து, மறுபகுதியுடன் அளவாகக் கலப்பதாலேயே வேண்டிய வெப்பநிலை கிட்டுகிறது. 20,000 அடி உயரத்து உறைகுளிரில் அதே காற்று கணப்பாகிறது.

லைங் ஆற்றின் மேற்குக் கரையில், தையற் தொழிற்சாலைகள் நிறைந்த லைங் தாயாவிலும் அதே வெய்யில்தான். 2021 இராணுவப் புரட்சியின் பின் யாங்கோனில் மின்வெட்டு மலிந்தது. மின்விசிறி நின்றால் அங்குள்ள தகரக் கூரைகளின் கீழ் இயக்குவதற்கு வேறு இயந்திரமில்லை. ஒரு மணிநேரப் பயணிக்குச் செய்யப்படும் ஏற்பாடு, ஆயுள் முழுதும் உழைப்பவருக்கு ஏன் இல்லை என்பதே எம் வினா.