பழைய கணினியை வீசுவதற்கு முன்

சென்ற ஆண்டின் கடைசியில் ஒரு பின்னேரம் வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் மூதூரிலிருந்து கட்டைபறிச்சானுக்குப் போனேன். வாப்பாவோடு ஒரே கந்தோரில் வேலை செய்த ஒருவரின் வீடு அது. அவர் காலமாகி மூன்று வருடங்கள். அவருடைய மனைவி ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை. கணினி பழுதாகிவிட்டது, உன் மகளால் பார்க்க முடியுமா என்று வாப்பாவிடம் கேட்டிருந்தார். இந்தக் கல்லூரியில் உயர்தரம் தொழினுட்பப் பிரிவில் படித்த நாளிலிருந்து, எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுக் கணினி நின்றாலும் முதலில் என்னைத்தான் தேடுவார்கள்.

போகும்போது ஒரு சாதாரணப் பழுதுதான் என்று நினைத்தேன். டீச்சர் விடயத்தைச் சொன்ன பிறகு எனக்குக் கை நடுங்கியது. அவருடைய கணவர் ஊர் ஊராகத் திரிந்து தாலாட்டு, கும்மி, வயற் பாட்டுகள், மீன்பிடிச் சொற்கள், நாட்டு வைத்தியக் குறிப்புகள் எல்லாம் சேர்த்தவர். 2006ஆம் ஆண்டு யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது முதலில் எழுதிய கொப்பிகள் போயின. திரும்பி வந்து, ஞாபகத்திலிருந்தும் கிழவிகளிடம் மறுபடி கேட்டும் எழுதினார். அந்தக் கொப்பிகளைப் பார்த்து ஐந்து வருடம் தானே தட்டச்சு செய்தார். பிறகு கொப்பிகளைக் கறையான் தின்றது. மிஞ்சியது அந்தக் கணினிக்குள் இருப்பது மட்டுந்தான்.

"கடையில போர்ட் போயிட்டுது எண்டு சொல்லிப்போட்டாங்கள் மகள். புதுசுதான் வாங்க வேணுமாம். பழசைக் கழிச்சு எடுக்கலாமாம்," என்றார் டீச்சர். நல்ல வேளை, அவர் கொடுக்கவில்லை.

மின்னிணைப்பைக் கொடுத்து இயக்கினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. பெட்டி மட்டும் விட்டுவிட்டு பீப் என்று கத்தியது. எனக்கு அப்போதே பாதிப் பயம் போய்விட்டது. அந்தச் சத்தம் தானாக வருவதல்ல. கணினி தொடங்கும்போது தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் என்ற சிறு நிரல் ஒவ்வொரு உறுப்பையும் பரிசோதிக்கிறது. குறை கண்டால், திரையில் எழுத வழியில்லாத நிலையில், பீப் ஒலியால் சொல்கிறது. அந்த நிரல் ஓட வேண்டுமானால் தாய்ப்பலகையும் செயலியும் ஓரளவாவது உயிரோடு இருக்க வேண்டும். மௌத்தானவர் கூப்பிடுவாரா? எத்தனை தரம் கத்தினால் என்ன குறை என்பது பயோஸ் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும். பலகையோடு வரும் கையேட்டில் இருக்கும். கையேடு இல்லாவிட்டாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரேம் எனப்படும் நினைவகத்தை.

மின்வயரைக் கழற்றி, இயக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்னை வெளியேற்றிவிட்டு மூடியைத் திறந்தேன். தூசி, எறும்பு, இரண்டு பல்லி முட்டைகள். களப்புக் காற்றும் கடற்காற்றும் படும் ஊர்களில் பெட்டிக்குள் உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத் தொடுகைகளை மங்கச் செய்துவிடும். ரேம் பலகைகள் இரண்டையும் கழற்றிப் பார்த்தபோது பொன்னிறமாக இருக்க வேண்டிய பற்கள் கறுத்திருந்தன. மென்மையான வெள்ளை அழிறப்பரால் பையப் பைய உரசி, தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு, ஒன்றை மட்டும் பொருத்தி இயக்கினேன். திரை வெளித்தது. நிறுத்திவிட்டு மற்றதையும் பொருத்தினேன். "போன போர்ட்" அவ்வளவுதான். (பெட்டிக்குள் நீங்கள் தொடக் கூடாத ஒன்று உண்டு: மின்வழங்கிப் பெட்டி. அதை ஒருபோதும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின் தேங்கி நிற்கும்.)

திரையில் தெரிந்த திகதி 2012 ஜனவரி. டீச்சரிடம் கேட்டேன், பழுதாவதற்கு முன் இணையம் வேலை செய்ததா என்று. "எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை எண்டு வரும். இணைப்புப் பிழை எண்டு நினைச்சன்," என்றார். இணைப்பில் பிழை இல்லை. தாய்ப்பலகையில் ஒரு நாணயத்தின் அளவில் 3 வோல்ட் பற்றரி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சீ.ஆர்.2032. கணினி நிற்கும்போதும் நேரத்தைக் காப்பது அதுதான். அது தீர்ந்தால் திகதி பழைய வருடத்துக்கு ஓடிவிடும். ஒவ்வொரு இணையத்தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. 2012இல் நிற்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே ஒன்றையும் நம்பாது.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுவார்கள். கணினி உயிர்பெற்ற சந்தோசத்தில் விண்டோஸைத் திறந்துவிடுவார்கள். நான் திறக்கவில்லை. லினக்ஸ் மின்ட் என்ற பணிசெயல் முறைமையை ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன். அதிலிருந்தே கணினியைத் தொடங்கினேன். அப்படிச் செய்தால் வன்தட்டில் ஒன்றும் புதிதாக எழுதப்படாது. வாசிக்க மட்டும் செய்யலாம். அதிலுள்ள டிஸ்க்ஸ் என்ற செயலி, வன்தட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் நோய்க்குறிப்பைக் காட்டும். வாசிக்க முடியாத பகுதிகள் பல சேர்ந்திருந்தன. தட்டு சாகத் தொடங்கியிருந்தது. இந்த நிலையில் திருத்தும் கட்டளைகளை ஓட்டுவதும், விண்டோஸை மீள நிறுவுவதும் நோயாளியை ஓடச் சொல்வது போன்றது. முதலில் பிரதி. எனது வெளித்தட்டை இணைத்து, எழுத்துக் கோப்புகளை முதலாவதாகவும் படங்களை இரண்டாவதாகவும் எடுத்தேன். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனது. மின்தடை வரக் கூடாதே என்று வாப்பா மனதுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். மூன்று படங்கள் கிடைக்கவில்லை. எழுத்துக் கோப்புகள் எல்லாம் வந்துவிட்டன.

பிறகுதான் மேம்படுத்தும் பேச்சு. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. அதற்குப் பின்னரும் கணினி ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. நீடித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை அவகாசம். விண்டோஸ் 11க்கு 4 ஜீ.பீ. ரேமும் 64 ஜீ.பீ. இடமும் போதும் என்று பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். டீச்சரின் கணினி மூன்றாம் தலைமுறை. குறுக்கு வழியில் நிறுவலாம்; பலர் நிறுவுகிறார்கள். அப்படி நிறுவினால் இற்றைப்படுத்தல்கள் தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அறுபது வயது தாண்டிய ஒருவரின் வீட்டில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. லினக்ஸ் மின்டையே நிறுவலாம் என்றேன். இலவசம், பழைய இயந்திரத்திலும் ஓடும். பாடல் தட்டச்சு செய்வதற்கும் செய்தி வாசிப்பதற்கும் வெளிநாட்டிலுள்ள மகனோடு பேசுவதற்கும் அது போதும்.

அதற்கு முன் இரண்டு உறுப்புகள் மாற்றினோம். சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பழைய தட்டில் ஒரு கோப்பைத் தேட ஊசி நகர வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ 10 மில்லி விநாடி. எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லாததால் அது 0.1 மில்லி விநாடி அளவுக்கு இறங்கிவிடும். பழைய கணினிக்குப் புதிய செயலி தேடுவதைவிட இந்த ஒரு மாற்றம் நூறு மடங்கு பயன் என்பது என் அனுபவம். அடுத்தது ரேம், 4இலிருந்து 8 ஜீ.பீ. வாங்கும்போது கவனியுங்கள்: டி.டி.ஆர்.3 பொருந்தும் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது, வெட்டு வேறிடத்தில் இருக்கும். மடிக்கணினிக்கு நீளம் குறைந்த பலகை வேண்டும். பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதுதான் புத்தி.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, டீச்சரை அழைத்து முதல் கோப்பைத் திறந்து காட்டினேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. டீச்சர் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பாமினி! நமது நாட்டில் பத்திரிகை, பாடசாலை வினாத்தாள், கலியாண அழைப்பிதழ் எல்லாம் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சானது. உங்கள் வீட்டிலும் இருக்கும். பாமினியில் "உம்மா" என்று அடித்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது உம்மா அல்ல. சி, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உடுப்பு மாட்டிவிடுகிறது. உடுப்பு இல்லாத கணினியில் குறிகள் அப்படியே தெரியும். யூனிகோட் வேறு. அதில் தமிழ் எழுத்துக்கு அதற்கேயுரிய எண் உண்டு. எந்தக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தமிழாகவே வரும். 1991இல் வெளியான முதற் பதிப்பிலிருந்தே தமிழ் அதில் இருக்கிறது. நாம்தான் மாறப் பிந்திவிட்டோம்.

பழைய வன்தட்டை மறுபடி இணைத்து, விண்டோஸ் கோப்புறைக்குள் எழுத்துருக்கள் இருக்கும் இடத்திலிருந்து பாமினியைப் பிரதியெடுத்து மின்டில் நிறுவினேன். கோப்பை மூடித் திறந்ததும் ஒரு தாலாட்டின் முதலடி தெரிந்தது. டீச்சர் அதை வாசிக்கவில்லை, மெதுவாகப் பாடினார். வாப்பா வாசலுக்கு எழுந்து போய்விட்டார்.

எழுத்துருவை நிறுவுவது தற்காலிக மருந்துதான். இப்போது சனிக்கிழமைகளில் போய், பாமினிக் கோப்புகளை மாற்றி மூலம் யூனிகோட் ஆக்குகிறோம். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழென்று எண்ணி மாற்றி அலங்கோலமாக்கிவிடும். ஆகவே நான் மாற்றித் தர டீச்சர் வரிவரியாகப் பார்க்கிறார். புதிதாக அடிக்க மின்டில் ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. டீச்சர் பழகிக்கொண்டிருக்கிறார், என்னைத் திட்டிக்கொண்டே. அவருடைய பழைய அச்சுப்பொறி மட்டும் மின்டோடு இன்னும் ஒத்துப்போகவில்லை. அதற்கு வழி தேடுகிறேன்.

கோப்புகளுக்கு இப்போது இரண்டு வெளிப் பிரதிகள். ஒன்று கட்டைபறிச்சானில் டீச்சரின் அலுமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு பிளாஸ்ரிக் டப்பாவுக்குள். மற்றது மூதூரில் எங்கள் வீட்டில். காணி உறுதிகள் இருக்கும் றங்குப் பெட்டிக்குள் வாப்பா தன் கையாலேயே வைத்துப் பூட்டினார்.