கண் விழிச்சதும் போனா? முதல் அரை மணி நேரம் உங்களுக்கே!

அலாரத்தை நிறுத்தத்தான் போனை எடுத்தீங்க. அப்படியே வாட்ஸ்அப், ரீல்ஸ்னு போய் அரை மணி நேரம் காலி. அப்புறம் ஒரே ஓட்டம்!

தூங்கி எழுந்த 30 முதல் 45 நிமிடங்களில் கார்ட்டிசால் ஹார்மோன் இயல்பாகவே உச்சத்துக்குப் போகும். உடம்பைச் சுறுசுறுப்பாக்கும் ஏற்பாடு அது. அந்த நேரத்தில் ஆபீஸ் மெசேஜைப் பார்த்தால், பல் துலக்கும் முன்பே டென்ஷன் வந்துவிடும்.

என்ன செய்யலாம்? அலாரத்துக்குத் தனியா ஒரு கடிகாரம் வாங்குங்க. போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும். எழுந்ததும் மொட்டை மாடியில் 10 நிமிடம் நில்லுங்க. காலை வெளிச்சம் உடல் கடிகாரத்தைச் சரிசெய்யும். இரவுத் தூக்கமும் நேரத்துக்கு வரும்.

அடுத்து காபி. சூடு, மணம், கசப்புனு ஒவ்வொரு மிடறையும் கவனிச்சுக் குடிங்க. மனசு எங்கேயாவது ஓடினா, திட்டாம திரும்பக் கூட்டிட்டு வாங்க. மைண்ட்ஃபுல்னஸ் அவ்வளவுதான்!