15 தரும் காரா, 30 தரும் காரா?

வீட்டில் இரண்டு கார்கள். பெரியது லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறது, சின்னது 20. ஒன்றைத்தான் மாற்றக் கையில் காசு. பெரியதைக் கொடுத்துவிட்டு 15 தரும் வண்டியா? சின்னதைக் கொடுத்துவிட்டு 30 தரும் வண்டியா? பலரும் யோசிக்காமல் 30-ஐத்தான் கைகாட்டுவார்கள்.

கணக்கு வேறு மாதிரி. இரண்டும் மாதம் 1000 கிலோமீட்டர் ஓடினால், பெரியதன் பெட்ரோல் 100 லிட்டரிலிருந்து 67 ஆகும்: 33 லிட்டர் மிச்சம். சின்னதில் 50 லிட்டர் 33 ஆகும், மிச்சம் 17தான்!

ஏனென்றால் மைலேஜ் வகுக்கும் எண். அது ஏற ஏற, அடுத்தடுத்த உயர்வில் மிச்சமாகும் எரிபொருள் சுருங்கிக்கொண்டே போகும். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக்கும் ஜாக் சோலும் 2008-இல் 'சயின்ஸ்' இதழில் இந்த மயக்கத்தை விளக்கினார்கள். அமெரிக்காவில் 2013 மாடல் கார்களிலிருந்து, ஜன்னலில் ஒட்டும் சீட்டில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதும் அச்சாகிறது. ஷோரூமில் "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்பவர்கள், மாதம் ஓடும் தூரத்தை அந்த எண்ணால் வகுத்துப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டலாம்.