மியூவான் செய்ய மறுக்கும் ஒன்று

எலக்ட்ரானைப் போலவே மின்னூட்டம், ஆனால் 207 மடங்கு நிறை, ஆயுளோ மைக்ரோநொடிக் கணக்கில் வெறும் 2.2: இதுதான் மியூவான். சிதையும்போது ஒரு எலக்ட்ரானையும் இரண்டு நியூட்ரினோக்களையும் விட்டுச் செல்லும். நியூட்ரினோ இல்லாமல் ஒரு எலக்ட்ரானும் ஒரு காமா கதிருமாக அது சிதைந்தால் ஆற்றல் கணக்கும் இடிக்காது, மின்னூட்டக் கணக்கும் இடிக்காது. ஆனாலும் 1940-களின் இறுதியில் ஹிங்க்ஸும் போன்டெகோர்வோவும் கனடாவில் தேடத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை அந்தச் சிதைவை யாரும் பார்த்ததில்லை. பின் ஏன் இந்த வீண் வேலை என்று கேட்கலாம். ஆனால் இந்த வெறுங்கைக்கு ஏற்கெனவே ஒரு பலன் கிடைத்திருக்கிறது. நியூட்ரினோ ஒரே வகைதான் என்றால் இச்சிதைவு பத்தாயிரத்தில் ஒன்றாகவாவது தென்பட வேண்டும் என்று 1950-களில் கணக்கிட்டார்கள், தென்படவில்லை. மியூவானுக்கென்று தனி நியூட்ரினோ இருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது. 1962-இல் புரூக்ஹேவன் சோதனை அதை உறுதி செய்தது. 1988-இல் நோபல் பரிசும் வந்தது.

நியூட்ரினோக்களே ஒரு வகையிலிருந்து இன்னொன்றாக மாறுகின்றன என்பது தெரிந்துவிட்டதே, மியூவான் மாறினால் மட்டும் என்ன புதுமை என்பது இன்னும் கூர்மையான கேள்வி. விடை அளவில் இருக்கிறது. நியூட்ரினோ மாற்றத்தால் மட்டும் இச்சிதைவு நிகழும் வாய்ப்பு, 1-க்குப் பின் 50-க்கும் மேற்பட்ட சுழியங்கள் போட்டால் வரும் எண்ணில் ஒன்று. எந்தக் கருவிக்கும் அது எட்டாது. ஆகவே ஐயமறக் கண்ணில் படுவது எதுவானாலும், நாம் அறியாத துகளின் வேலையாகத்தான் இருக்கும். அத்துகள் ஜெனீவாவின் பெரிய துகள் மோதுவியால் உண்டாக்க முடியாத அளவுக்குக் கனமாக இருந்தாலும், குவாண்டம் விதிப்படி கணநேரம் தலைகாட்டிச் சிதைவைத் தூண்டிவிடலாம். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் மெக்-2 சோதனை காத்திருப்பது இந்தத் தடயத்துக்காகத்தான். நேர்மின் மியூவான்கள் மெல்லிய படலமொன்றில் நின்று சிதைகின்றன. ஒரே கணத்தில், நேரெதிர்த் திசைகளில், ஆளுக்கு 52.8 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு பாசிட்ரானும் (எலக்ட்ரானின் நேர்மின் இணை) காமா கதிரும் கிளம்ப வேண்டும். காமாவைப் பிடிக்கச் சுமார் 900 லிட்டர் திரவ செனான். 2025-இல் வந்த முடிவின்படி, அப்படியொரு சிதைவு இருந்தாலும் ஏறத்தாழ 6.7 லட்சம் கோடியில் ஒன்றைத் தாண்டாது.

மியூவான்களை இன்னும் வேகமாகக் கொட்டினால் தீர்ந்தது என்று தோன்றும். உண்மையான சிக்கலே அங்குதான். வெவ்வேறு மியூவான்களிலிருந்து வந்த பாசிட்ரானும் காமாவும் தற்செயலாகச் சேர்ந்து ஏமாற்றும் போலி நிகழ்வுகள், கற்றையின் அடர்த்தி இரு மடங்கானால் நான்கு மடங்காகும். அதனால்தான் அமெரிக்காவின் ஃபெர்மிலேபும் ஜப்பானின் ஜே-பார்க்கும் வேறு வழியில் போகின்றன: அலுமினிய அணுக்கருவைச் சுற்றும் எதிர்மின் மியூவான் நேரடியாக எலக்ட்ரானாக மாறினால், சுமார் 105 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு அது ஒற்றையாக வெளிவரும்; ஜோடி சேர்த்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.