கனவு வரும் நேரத்தில் தளரும் மூச்சு

இரவெல்லாம் படுத்திருந்தும் காலையில் தலை வலிக்கிறது. பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்குகிறது. சோறு இறங்கவில்லை. தசைகளை மெல்ல மெல்லத் தளர்த்தும் மோட்டார் நியூரான் நோய் உள்ளவர் இப்படிச் சொன்னால், மனக்கவலைதான் காரணம் என்று வீட்டார் எண்ணிவிடுவதுண்டு. மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் இல்லை என்பார். அது உண்மைதான். கைகால் தளர்ந்து நாற்காலியோடு இருப்பவருக்கு மூச்சு வாங்கும்படி நடமாட்டமே இல்லையே! ஆனாலும் மூச்சுத் தசைகள் தோற்கத் தொடங்கியிருக்கலாம்.

அமைதியாக மூச்சிழுக்கும்போது பெரும்பாலான வேலையைச் செய்வது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம். கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து அதற்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் இந்நோயில் மடிகின்றன. விழித்திருக்கும்வரை விலா இடைத்தசைகளும் கழுத்துத் தசைகளும் கைகொடுத்துக் குறையை மறைத்துவிடும்.

கனவு காணும் உறக்கத்தில் கதை மாறுகிறது. கனவில் ஓடும் நாம் படுக்கையைவிட்டு எழுந்து ஓடிவிடாதபடி, மூளை உடல் தசைகளை ஏறக்குறைய முழுவதும் முடக்கிவைக்கிறது. விழித்தசைகளுக்கும் உதரவிதானத்துக்கும் விலக்கு உண்டு. உயிர் காக்கும் அருமையான ஏற்பாடு இது! ஆனால் உதரவிதானமே நலிந்தவருக்கு அந்த நேரத்தில் துணைக்கு ஆளில்லை. மூச்சு மேலோட்டமாகி, இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது. அது மூளையின் இரத்தக்குழாய்களை விரிப்பதால் காலையில் தலைவலி. மூளை அடிக்கடி விழிக்கவைப்பதால் உறக்கமும் துண்டுதுண்டாகிறது.

மல்லாந்து படுக்க முடியாமல் தலையணைகள் கூடுவதும், மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்பாமல் உள்ளே போவதும், இருமல் வலுவிழப்பதும் இதே செய்தியைச் சொல்பவை.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பகலில் நல்ல எண்ணைக் காட்டுவதால் நிம்மதி அடைந்துவிடுவார்களோ என்பதே என் பெரிய அச்சம். தேங்கும் கார்பன் டை ஆக்சைடை அது காட்டாது. ஆக்சிஜன் சிலிண்டரை மட்டும் வைப்பதும் ஆபத்தாகலாம்: ஆக்சிஜன் தளர்ந்த தசையின் வேலையைச் செய்யாது, கார்பன் டை ஆக்சைடை இன்னும் ஏற்றிவிடவும் கூடும்.

ஒரு நாசித் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, மறு துளையால் வெடுக்கென்று உறிஞ்சச் சொல்லும் எளிய சோதனை ஒன்று உண்டு. உதடு தளர்ந்து, ஊதிப் பார்க்கும் சோதனைக் குழாயை வாயால் கவ்வ முடியாதவரும் இதைச் செய்யலாம். மூச்சுத் தசைகளின் வலுவை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது பிரிட்டனின் 2016 மருத்துவ வழிகாட்டி.

குறை தெரிந்தால், முகமூடி வழியே காற்றைத் தள்ளிக்கொடுக்கும் பைபாப் போன்ற கருவி உதவும். இங்கிலாந்தின் நியூகாசிலில் 41 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், பேச்சுக்கும் விழுங்கலுக்குமான தசைகள் ஓரளவு நன்றாக இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் இக்கருவியால் 205 நாள் கூடியது. அத்தசைகள் மிகவும் தளர்ந்தவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. ஆனால் அவர்களுக்கும் உறக்கத் தொல்லைகள் குறைந்தன.